ரத்தம் போகாத இடம்

கூப்பிடும் வரை இரண்டு கண்களையும் திறக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வலது கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டிருக்கிறாள். மரத்துப்போன கண்ணுக்கு இமைக்கவே தோன்றாதாம், திறந்து வைத்தால் காய்ந்து போகுமாம். இடது கண்ணைத் திறந்து அங்கே இங்கே பார்த்தால் மூடியிருக்கும் கண்ணும் கூடவே உருளும், அதனால ரெண்டையும் மூடிக்குங்க அக்கா, ஒரு இருவது நிமிசம், கண்ணைப் படமெடுக்கற போட்டோ ரூமுல ஒருத்தர் இருக்காரு. சரி என்று மூடிக்கொண்டேன். மூடியதும் முதலில் தெரிந்தது நிறம்தான். இடது இமைக்குள்ளே கருஞ்சிவப்பு. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் அதில் கொஞ்சம் ஆரஞ்சு வந்து கலக்கிறது. வலது இமைக்குள்ளே அப்படி இல்லை, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ஒரு பழுப்பு. ஒரே வெளிச்சம், ஒரே முகம், இரண்டு ஷேடு. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கோகிலவாணி என்கிற நான் பதினெட்டு வருஷமாகத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிறவள். துணி வாங்குகிறவர்கள் ஒரு துண்டு அனுப்புவார்கள், அதே நிறம் வரும்வரை சின்னச் சின்ன குடுவைகளில் சாயத்தைக் கலந்து துணித்துண்டை நனைத்து நனைத்துப் பார்க்க வேண்டும். நீலத்தில் இம்மி சிவப்பு கூடிவிட்டால் அது வேறு நீலம். அப்படிப் பார்த்துப் பழகின மனசு கண்ணை மூடினாலும் சும்மா இருப்பதில்லை. விரலால் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். கன்னம் இருக்கிறது. மெதுவாக மேலே போகிறேன். இமை இருக்கிறது. அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் இப்போது சொல்ல முடியாது. கண் என்று ஒன்று இருக்கிற ஞாபகமே அந்த இடத்தில் இல்லை. மரத்துப்போவது எங்கே முடிகிறது, நான் எங்கே ஆரம்பிக்கிறேன், அதற்கு ஒரு கோடு இருக்குமா, அந்தக் கோட்டைத் தொட முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தபோது மடியில் இருந்த பை சரிந்தது. உள்ளே இருந்த காலிக் குப்பிகள் கலகலவென்று சத்தம் போட்டன. உடனே இரண்டு கைகளாலும் பையை அமுக்கிக்கொண்டேன்.

எண்பத்து நாலு குப்பி. சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக் குப்பிகள், ஒரு வேளைக்கு ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று, நாலு வாரத்துக்கு இத்தனை. தலையைத் திருகி எடுத்துவிட்டு ஒரு சொட்டு விட்டுக்கொண்டு காலிக் குப்பியைப் பையில் போட வேண்டும். திரும்பி வரும்போது கொண்டுவர வேண்டும், எண்ணுவார்கள். இன்று எண்ணினாலும் எண்பத்து நாலு இருக்கும். இருக்கத்தான் இருக்கும். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

எதை நினைக்கலாம். லேபில் என்னோடு வேலை பார்க்கிற மரகதத்தை நினைக்கலாம். மரகதம் இல்லையென்றால் இந்தக் கண்ணே குழிந்துபோயிருக்கும் என்று அன்றைக்கே டாக்டர் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி. இலைப்பச்சை ஒன்று வரவேயில்லை, காலையிலிருந்து ஆறு தடவை கலக்கியாயிற்று. பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பச்சையில் ஒரு மஞ்சள் ஏறித் தெரிகிறது. அதனால் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டேன். அதே கையோடு காஸ்டிக் சோடாக் காரம் கரைத்து வைத்திருந்த கேனைத் திறந்தேன். மூடி இறுகியிருந்தது, இழுத்தேன், மூடியோடு காரமும் முகத்துக்கு வந்தது. அவ்வளவுதான். வலி என்று எனக்கு ஞாபகம் இல்லை. வழவழப்புதான் ஞாபகம், சோப்பு போல, முகம் கரைந்து கையில் வருவது போல. மரகதம் என் தலையைப் பிடித்துக் குழாய்க்கு அடியில் திணித்தாள். போதும்டி, மூச்சு முட்டுதுடி என்று கத்தினேன். "முட்டட்டும், செத்தா போயிருவ? குனி" என்று அரை மணி நேரம் விடவில்லை. அந்தப் பச்சையை அப்புறம் யார் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. கேட்கவும் இல்லை. இப்போது தோன்றுகிறது, கேட்டிருக்கலாம். நீலத்தைக் குறைத்திருப்பார்களா, அல்லது மஞ்சளையே மாற்றியிருப்பார்களா.

யாரோ பக்கத்தில் உட்காருகிறார்கள். நாற்காலி வரிசை முழுக்க ஒரு தரம் ஆடி நிற்கிறது, கனமான ஆள். சிமெண்ட் வாசனை, வெற்றிலை வாசனை இல்லை, தேங்காயெண்ணெய். எங்கோ எண் கூப்பிடுகிறார்கள், நாற்பத்தி மூணு, நாற்பத்தி மூணு, யாரும் எழுந்ததாகத் தெரியவில்லை.

கருவிழிக்கு, கண்ணின் முகப்பில் இருக்கிற அந்தத் தெளிந்த மூடிக்கு, ரத்தமே கிடையாது என்று டாக்டர் தாட்சாயணி சொன்ன நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. கண் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, மேலே பால் ஆடை போல வெள்ளை படிந்து, வெளிச்சமும் கையசைவும் மட்டும் தெரிந்த காலம். வேறு ஒருவருடைய கருவிழியை வைத்துத் தைப்பதாகச் சொன்னார்கள். மற்ற உறுப்பென்றால் உடம்பு ஒத்துக்கொள்ளாது, இது மட்டும் எப்படி என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உடம்புல ரத்தம் போகாத இடம் அது. ரத்தம் போனா கண்ணாடி மாதிரி இருக்க முடியாதுல்ல? அதான் அங்க ரத்தக் குழாயே கிடையாது. ரத்தம் போகாததால, வந்தது வேத்தாள்னு உடம்புக்கு சீக்கிரம் தெரியறதில்ல." அப்படியானால் அதற்குச் சாப்பாடு என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே அதுதான் கேட்கத் தோன்றியது. "காத்து," என்றார், "கண்ணீர், அப்புறம் கண்ணுக்கு உள்ள இருக்கற தண்ணி." காற்றையும் கண்ணீரையும் தின்று உயிரோடிருக்கும் ஒன்றை நான் நாற்பது வருஷமாக முகத்தில் வைத்திருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சென்னியப்பனிடம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆப்ரேசன் என்னைக்குன்னு கேட்டியா இல்லையா?" என்றார். நான் கேட்கவில்லை.

வைத்தார்கள். யாருடையதோ. இருபத்தாறு வயதுக்காரர் என்பது மட்டும் ஒரு நர்ஸ் வாயிலிருந்து தவறி விழுந்தது. எட்டு மாதம் பார்த்தேன் அந்தக் கண்ணால். அதில் தெரிந்த நிறம் என் இடது கண்ணில் தெரிந்த நிறத்தைவிடத் துளி குளிர்ச்சியாக இருந்தது. அது அந்த ஆளுடைய ஷேடா, அல்லது புதுசாக இருந்ததாலா. எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன், ஓரத்தில் ஒரு சிவப்பு நூல். சிவந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் போனது புதன்கிழமை. ஐந்து நாள். வேலை இருந்தது, ஆர்டர் இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஒன்று, சனிக்கிழமை மூன்று, திங்கட்கிழமை அதில் ஒன்று கிளை விட்டிருந்தது, ஆற்றின் படம் போல. காலையில் எழுந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்ப்பேன், இன்றைக்கு எதுவரை வந்திருக்கிறது. பயமாக இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள். அதற்குள் ரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. வேற்றாள் என்று தெரிந்துவிட்டது. எப்போதோ பட்ட புண்ணை ஆற்றத்தான் அந்தக் குழாய்கள் வந்தனவாம், நல்லது செய்யத்தான் வந்தனவாம், டாக்டர் சொன்னார். வந்த இடத்தில் கண்ணை அடைத்துவிட்டன. இருபத்தாறு வயதுக்காரர் இரண்டாவது தடவையும் செத்துப்போனார், அதற்கு நான் சாட்சி. சாட்சி மட்டும்தானா.

இனி இன்னொன்று வைத்தாலும் இந்தக் குழாய்கள் இருக்கும்வரை அதுவும் நிற்காது என்றார்கள். பதினோரு குழாய், மூன்று பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி. அப்போதுதான் தில்ஷாத் வந்தாள். ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிற பெண், பள்ளப்பட்டிக்காரி, இருபத்தேழு இருக்கும், பேசும்போது வளையலை மேலே தள்ளிக்கொண்டே இருப்பாள். ஊசி இல்லை, கத்தி இல்லை அக்கா, சொட்டு மட்டும்தான் என்று ஆரம்பித்தாள். குழாயை வளரச் சொல்லும் மரபணு ஒன்று இருக்கிறது, அதைப் பேசாமல் ஆக்குவதுதான் இந்த மருந்து. பேசாமல் ஆக்குவது என்றால் எப்படி, அழித்துவிடுமா என்று கேட்டேன். அவள் என் வேலை என்ன என்று கேட்டாள். சொன்னேன். வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு சிரித்தாள். "அப்ப உங்களுக்கு சுலபம்க்கா. லேபுல ரெசிபி கார்டு எங்க இருக்கும்?" எந்தச் சாயம் எவ்வளவு என்கிற கார்டுதானே, ஃபைலில் இருக்கும் என்றேன். "மெசினுக்கு அந்த ஃபைலே போகுமா?" போகாது, நகல் சீட்டு எழுதிக் கொடுப்போம், சீட்டைப் பார்த்துத்தான் சாயம் போடுவார்கள். "அதேதாங்க்கா. மரபணு ஃபைல்லயே இருக்கும். அதுல இருந்து ஒரு நகல் சீட்டு வெளிய வரும், குழாயை வளர்க்கச் சொல்லி. நம்ம மருந்து ஃபைலைத் தொடாது. அந்தச் சீட்டை மட்டும் தேடிப் பிடிச்சுக் கிழிச்சிரும்." எந்தச் சீட்டு என்று அதற்கு எப்படித் தெரியும்? "சீட்டுல இருக்கற எழுத்துக்கு நேர் ஜோடி எழுத்து மருந்துல இருக்கு. ஜோடி சேர்ந்தாத்தான் கிழியும்." கிழித்தால் இன்னொரு சீட்டு எழுத மாட்டார்களா? "எழுதுவாங்க. அதான் தினமும் மூணு வேளை." அன்றைக்கு நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவள் சாப்பிடக்கூடப் போகவில்லை. கடைசியில்தான் அதைச் சொன்னாள். நாற்பது பேர். பாதிப் பேருக்கு மருந்து உள்ள சொட்டு, பாதிப் பேருக்கு மருந்து மட்டும் இல்லாத சொட்டு. யாருக்கு எது என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, நாற்பது பேரும் முடித்த பிறகு அடுத்த வருஷம்தான் தெரியும். எனக்கு உடனே புரிந்தது. நாங்களும் அப்படித்தான் செய்வோம், இரண்டு துண்டு, ஒன்றில் எல்லாம், இன்னொன்றில் ஒன்றே ஒன்று குறைய. கையெழுத்துப் போட்டேன். ஆனால் எந்தத் துணித்துண்டும் தான் எந்தக் குடுவையில் கிடக்கிறோம் என்று யோசிக்காது.

"ஏனுங்க, உங்களுக்கும் சொட்டுங்களா?" பக்கத்துக் குரல். ஆம்பளைக் குரல், என் வயது இருக்கலாம். கண்ணைத் திறக்காமலே ஆமாங்க என்றேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பை சத்தமுங்க. என்ற பையும் அதே சத்தம்தான் போடும்." தன் பையை ஒரு முறை ஆட்டிக் காட்டினார். அதே சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், சிரித்தால் இமை திறந்துவிடும். ரங்கராசு என்று பெயர் சொன்னார், தாராபுரத்துப் பக்கம், கொத்து வேலை, சுண்ணாம்பு தெறித்து இடது கண். சொட்டு பன்னிரண்டு வாரத்துக்கும் முடிந்துவிட்டதாம். "எப்பிடி இருக்குதுங்க?" என்று கேட்டேன். "அப்பிடியேதானுங்க இருக்குது. போன தடவை வந்தப்பவும் ஒரு குழாயும் போகலைன்னுட்டாங்க. உங்களுக்கு வந்தது வெறும் தண்ணியாத்தான் இருக்கும்னு என்ற சம்சாரம் சொல்றா." அவர் பை மறுபடி ஒரு தரம் கலகலத்தது. "இருந்துட்டுப் போகட்டுமுங்க. எனக்குப் போட்டது தண்ணின்னாத்தானே அடுத்தவனுக்குப் போட்டது மருந்துன்னு தெரியும்? நான் ஒரு வேளை போடாம விட்டுட்டு, போட்டேன்னு சொன்னா அந்தக் கணக்கே தப்பாயிருமில்லீங்க? சாரத்து மேல நின்னாலும் மணி அடிச்சா எறங்கி வந்து போட்டுட்டுத்தான் ஏறுவேன்." அவர் குரலில் பெருமை இல்லை. இன்றைக்கு என்ன சமையல் என்று சொல்வது போலச் சொன்னார். கையில் இருந்த பையை இன்னும் இறுக்கினேன். குப்பிகள் ஒன்றை ஒன்று கடித்துக்கொள்வது விரலுக்குத் தெரிந்தது.

ஆறு நாள். நினைக்க வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தால் அதுவே வந்து நிற்கிறது. ஒன்பதாவது வாரம். அதுவரை ஒழுங்காகத்தான் போட்டேன். ஏழாவது வாரத்திலேயே எனக்குத் தெரிந்தது, ஐந்து மணிப் பக்கத்து நூல் மெலிந்துவிட்டது. கடிகாரத்தில் மணி பார்ப்பது போலத்தான் நான் கண்ணாடியில் குழாய்களுக்கு இடம் வைத்திருந்தேன். ஐந்து மணி, ஏழு மணி, ஒன்பது மணியில் இரட்டை. காலையில் ஜன்னலோரம் நின்று ஃபோனில் படம் எடுப்பேன். மெலிந்தது தானாக மெலிந்ததா, சொட்டால் மெலிந்ததா. சில கண்களில் தானாகவும் குறையலாம் என்று தில்ஷாத் சொல்லியிருந்தாள். அப்போது அந்தப் பழைய ஆள், பயத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறவன், மறுபடி வந்து உட்கார்ந்தான். நிறுத்திப் பார். நிறுத்தியதும் நூல் தடித்தால் உனக்கு வந்தது மருந்து. தடிக்காவிட்டால் தண்ணீர். எவ்வளவு எளிது. லேபில் பத்து நிமிஷத்தில் செய்கிற காரியம். ஒரு திங்கட்கிழமை காலை குப்பியின் தலையைத் திருகினேன், கண்ணுக்குக் கொண்டுபோனேன், அப்புறம் கையை இறக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் பிழிந்தேன். ஒரு சொட்டுதான். சத்தம்கூட இல்லை. மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சென்னியப்பன் குளிர்பெட்டிக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார், போட்டதும் டிக் அடிக்க. அடித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வாரமும் ஒரு வேளைகூடத் தவறலை பாத்தியா" என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. நான் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் ஐந்து மணி நூல் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. அல்லது அன்றைக்கு மேகம். ஆறாம் நாள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடைசியில் சின்னச் சின்னச் சிவப்புச் சதுரங்கள்தான் இருந்தன, கண்ணே இல்லை. ஏழாம் நாள் காலை பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஒழுங்காகப் போட்டேன். பதினெட்டுக் குப்பி. அந்தப் பதினெட்டும் இந்த எண்பத்து நாலுக்குள் கலந்து கிடக்கின்றன, காலிக் குப்பிக்கு எதில் காலியானோம் என்று தெரியாது.

சொன்னால் என்ன ஆகும். வெளியே அனுப்பிவிடுவார்கள். இப்படிப்பட்டவளுக்கு இன்னொருத்தர் கண்ணை எதற்கு வைப்பது என்று டாக்டர் நினைப்பார், நினைத்தால் அது நியாயம்தான், ஏற்கெனவே ஒன்றை ஐந்து நாள் வேடிக்கை பார்த்தவள். அது அவருக்குத் தெரியாது, கேஸ் தாளில் 'இரண்டு நாள்' என்று இருக்கிறது, நான் சொல்லி எழுதியது. சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. எண்பத்து நாலு, சரி, டிக். ரங்கராசுவின் கண்ணும் என் கண்ணும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். அவர் சாரத்திலிருந்து இறங்கி இறங்கிப் போட்டது ஒரு எண், நான் தொட்டியில் பிழிந்தது ஒரு எண், பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்புறம் அடுத்த வருஷம் யாரோ ஒருத்திக்கு, காஸ்டிக் தெறித்தவளோ சுண்ணாம்பு தெறித்தவளோ, இந்தத் தாளைப் பார்த்துத்தான் சொட்டு கொடுப்பார்கள் அல்லது கொடுக்காமல் விடுவார்கள். நான் தப்பாகச் சீட்டு எழுதிய துணி ஒரு தடவை நானூறு கிலோ வெந்து வெளியே வந்தது, முழுக்க மரூன், வர வேண்டியது செங்கல் நிறம். அந்தக் குவியலின் முன்னால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், எழுத்து என்னுடையதுதான்.

"ரங்கராசு!" என்று கூப்பிட்டார்கள். நாற்காலி ஆடியது. "வர்றனுங்க. உங்களுக்கு நல்லாயிரும் பாருங்க" என்றது குரல். அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. திறக்கக் கூடாது. நான் திறக்கவில்லை. செருப்புச் சத்தம் போய், கதவுச் சத்தம் வந்து, அப்புறம் இமைக்குள்ளே அந்தக் கருஞ்சிவப்பும் வெளுத்த பழுப்பும் மட்டும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "கோகிலவாணி அக்கா, மெதுவா எந்திரிங்க, இடது கண்ணை மட்டும் திறக்கலாம்." தில்ஷாத். வளையல் சத்தத்திலேயே தெரிந்தது.

போட்டோ ரூம் குளிராக இருந்தது. டாக்டர் தாட்சாயணி கருவிக்குப் பின்னால் எதையோ திருகிக்கொண்டிருந்தார். தில்ஷாத் மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பையைக் கவிழ்த்தாள். பத்துப் பத்தாகத் தள்ளி எண்ணினாள். நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறுபது, எழுபது. ஒரு குப்பி உருண்டு விளிம்புக்குப் போயிற்று, பிடித்தாள். "எம்பத்தி நாலு. சரியா இருக்குக்கா."

"சரியா இல்லை அம்மிணி."

அவள் நிமிர்ந்தாள். நான் நின்றபடியே சொன்னேன், நடுவில் நிறுத்தினால் முடியாது என்று ஒரே மூச்சாக. திங்கட்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை, தொட்டியில் பிழிந்தது, நோட்டில் டிக் அடித்தது, எதற்கு என்பது. "எனக்கு வந்தது மருந்தா தண்ணியான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல." அப்புறம் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்துவிட்டது, வரும் என்று நானே நினைக்கவில்லை. "முதல் கண்ணு செவந்தப்பவும் ரெண்டு நாள் இல்லீங்க டாக்டர். அஞ்சு நாள்."

தில்ஷாத்தின் முகம் வாடிப்போனது. அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. "அக்கா, உங்களைத்தாங்க்கா நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன், இவ்வளவு ஒழுங்கா யாரும் போடறதில்லன்னு" என்றாள். பேனாவை எடுத்தாள், தேதி கேட்டாள், சொன்னேன், எழுதினாள். டாக்டர் கருவிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேராக உட்கார்ந்தார். "ஆறு நாள்ல என்ன தெரிஞ்சுச்சு?" என்று கேட்டார். ஒண்ணும் தெரியலைங்க, மேகமா நூலான்னே தெரியலை என்றேன். "தெரியாது. நிறுத்தினாலும், உள்ள போனது மருந்தா இருந்தா இன்னும் கொஞ்ச நாளைக்கு அது தில்ஷாத் சொன்ன சீட்டைக் கிழிச்சிட்டுத்தான் இருக்கும். ஆறு வாரம் நிறுத்தியிருந்தாக்கூட ஒரு கண்ணை வச்சுச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் நாப்பது பேர்." குரலை உயர்த்தவில்லை. "உங்க கண்ணையும் பணயம் வச்சு, ஒண்ணும் தெரிஞ்சுக்காம வந்திருக்கீங்க. என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." கேட்டிருக்கலாம். ஆயிரம் கேள்வி கேட்டவள் அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. "என்னை எடுத்துருவீங்களா?" என்றேன். "எடுக்க மாட்டோம். நடந்தது நடந்தபடி எழுதி அப்படியே வச்சிருப்போம். நீங்க சொல்லாம இருந்திருந்தாத்தான் கெட்டுப்போயிருக்கும்." அப்புறம், "அஞ்சு நாளையும் திருத்தி எழுதிக்கறேன்" என்றார். அது மட்டும்தான் சொன்னார், அந்த அஞ்சு நாளைப் பற்றி.

தாடையைத் தாங்கியில் வைத்தேன், நெற்றியைப் பட்டையில் ஒட்டினேன். இமைக்காதீங்க. மரத்த கண்ணுக்கு அது சிரமமில்லை. வெளிச்சம் ஒன்று வெடித்தது, மறுபடி ஒன்று, மறுபடி. வலது கண்ணில் அது வெளிச்சமாக இல்லை, உள்ளுக்குள் யாரோ திரையை விலக்கி மூடியது போல இருந்தது. எழுந்ததும் டாக்டர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். அவ்வளவு பெரிதாக என் கண்ணை நான் பார்த்ததில்லை. மேசை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் குளம். அதில் எட்டு நூல்களைக் காணோம். ஏழு மணி இல்லை, ஒன்பது மணி இரட்டையில் ஒன்று இல்லை, ஐந்து மணி சுத்தமாக இல்லை. மிச்சம் மூன்று, அவையும் ஓரத்திலேயே நின்றுவிட்டன. போயிருச்சுங்களா என்று கேட்டேன். "போகலை," என்றார் டாக்டர், "நல்லாப் பாருங்க." பேனா முனையால் ஐந்து மணி இடத்தைக் காட்டினார். பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் வெள்ளையின் மேல் வெள்ளையாக ஒரு கோடு, ஒரு ஷேடு மட்டும் வித்தியாசம், பதினெட்டு வருஷம் ஷேடு பார்த்தவளுக்கே கொஞ்சம் நேரம் பிடித்த வித்தியாசம். கிளை விட்ட இடம்கூட அப்படியே இருந்தது. "ரத்தம் ஓடறது நின்னுபோச்சு. குழாய் அங்கேயேதான் இருக்கு, காலியா. பேய்க் குழாய்னு சொல்லுவோம் நாங்க. கண்ணு மறுபடி செவந்தா அதே வழியில ரத்தம் வந்துரும், புதுசா தோண்ட வேண்டியதுகூட இல்ல. அதனால இனிமே செவந்தா அஞ்சு நாளும் இல்ல, ரெண்டு நாளும் இல்ல."

"அன்னைக்கே வந்துருவனுங்க."

"வருவீங்களா?"

வருவேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் பார்வையை மாற்றவில்லை. அப்புறம் தில்ஷாத்திடம், கருவிழி மாற்றுப் பட்டியலில் இவங்க பேரைப் பதிஞ்சிரும்மா, நடுவுல ரத்தம் ஓடற குழாய் இல்ல, இனி வைக்கலாம் என்றார். மருந்தோ தண்ணீரோ, அது அடுத்த வருஷம். தில்ஷாத் ஒரு தாளை நீட்டினாள், முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை, ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரல் வைத்துக் காட்டினாள். போட்டேன். கீழே வேனில் சென்னியப்பன் காத்துக்கொண்டிருப்பார், அவரிடமும் சொல்ல வேண்டும், அந்த நோட்டில் பதினெட்டு டிக்கையும் அவர் முன்னாலேயே கோடு போட்டு அடிக்க வேண்டும், அதற்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், ஒரு வாரம் பேச மாட்டார். வாசல் வரை போய்விட்டேன். திரையை இன்னும் அணைக்கவில்லை. ஆளே இல்லாத ஒரு தெரு மாதிரி அந்த வெள்ளைக் கோடு அங்கே கிடந்தது, வளைந்து, பிரிந்து, நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று நின்று. அது ஏன் அந்த இடத்தில் நின்றது. எது அதை நிறுத்தியது. நான் திரும்பி வந்தேன்.

"டாக்டர், அந்த முனையைக் கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டறீங்களா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே ஐம்பத்தி ஒண்ணு, ஐம்பத்தி ஒண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காருங்க" என்றார்.